சரக்கு வேனை டாக்சியாக மாற்றுவது: பின் சீட்டைத் தரையில் போல்ட் போட்டால் போதுமா?

சாலைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு சிறிய சரக்கு வேன் இருக்கிறது. முன்னால் இரண்டு சீட், பின்னால் வெறும் தகட்டுத் தரை, ஒரு பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு, கடைசியில் இரட்டைக் கதவு. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, அடியில் துரு பிடிக்கவில்லை. இதைப் பின்னால் நான்கு பேர் உட்காரும்படி ஒரு நல்ல டாக்சியாக மாற்ற வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எல்லாம் சாதாரணக் காரில் குனிந்து ஏறி இறங்கப் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். வேனில் கூரை உயரம், கதவும் அகலம், அதனால் அவர்களுக்கு இது வசதியாக இருக்கும் என்று தோன்றியது. முடிந்தால் சக்கர நாற்காலியையும் அப்படியே உள்ளே ஏற்றும்படி செய்ய விரும்புகிறேன்.

ஒரு பட்டறையில் கேட்டேன். பழைய பெஞ்சு சீட் ஒன்று வாங்கி, தரையில் துளை போட்டு போல்ட் அடித்து, பக்கத்தில் இரண்டு ஜன்னல் வெட்டி, ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார்கள். அவ்வளவு எளிதா என்று சந்தேகமாக இருக்கிறது. சீட், ஜன்னல், ஸ்பிரிங், ஏசி, வயரிங், பெயிண்ட் இவற்றில் எதை முதலில் செய்வது, எதில் கை வைக்கவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தகடும்தீயும்:

தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. அந்த ஒரு நாள் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். நான் பல வருடமாக டிங்கரிங் வேலையில் இருப்பவன், அதனால் தரையிலிருந்தே சொல்கிறேன்.

சரக்கு வேனின் தரை, மேலே வைக்கும் பெட்டியின் எடையைக் கீழ்நோக்கித் தாங்குவதற்காக மடிப்பு மடிப்பாக அழுத்திய மெல்லிய தகடு. சீட்டும் பெல்ட்டும் மோதலில் அதை மேல்நோக்கியும் முன்நோக்கியும் பிய்த்து இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பெல்ட் பொருத்தும் இடங்களின் வலிமையைச் சோதிக்க ஐ.நா. வாகன விதி 14 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி காரிலோ சிறிய வேனிலோ ஒரு மூன்று முனை பெல்ட்டின் தோள் பட்டையில் 13,500 நியூட்டன், இடுப்புப் பட்டையில் 13,500 நியூட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கே கிட்டத்தட்ட 2.7 டன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சு என்றால் எட்டு டன்னைத் தாண்டிவிடும். பெல்ட் சீட்டிலேயே பொருத்தியிருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையையும் இதோடு சேர்க்க வேண்டும். வெறும் தகட்டில் துளை போட்டு ஒரு சாதா வாஷர் வைத்து முடுக்கிய போல்ட், இந்த விசை வந்தால் வாஷரோடு சேர்த்துத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பயணி சீட்டோடு சேர்ந்து பறப்பார். உங்கள் வண்டியில் ஏறப்போவது வயதானவர்களும் குழந்தைகளும் என்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியென்றால் எப்படிச் செய்வது? முதலில் உங்கள் வேனுக்கே பயணிகள் மாடல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வேன்களில் பலவும் இரண்டு வகையாக வரும். ரெனோ காங்கூ, சிட்ரோயன் பெர்லிங்கோ, ஃபியட் டோப்லோ, ஃபோக்ஸ்வேகன் கேடி, நிசான் என்வி200 எல்லாம் அப்படித்தான், ஒரே உடம்பில் சரக்குக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. பயணிகள் மாடலில் தரைக்கு அடியில் கூடுதல் சட்டம், சீட் உட்காரும் இடத்தில் பற்றவைத்த நட்டு, தூண்களில் (கூரையைத் தாங்கும் பக்கச் சட்டங்கள்) பெல்ட் மாட்டும் இடம் எல்லாம் கம்பெனியிலேயே போட்டுச் சோதித்திருப்பார்கள். சில சரக்கு மாடல்களிலும் அந்த நட்டுகள் தரை விரிப்புக்குக் கீழே ரப்பர் மூடி போட்டு ஒளிந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இதை முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் அதே மாடலின் அசல் சீட்டையும் பெல்ட்டையும் அதே இடத்தில் மாட்டலாம், பாதிக் கவலை தீர்ந்தது.

இல்லாவிட்டால் சோதனை முடித்துச் சான்றோடு வரும் சீட்டும் அது பொருந்தும் தண்டவாளமும் வாங்கி, அதைச் செய்தவர்கள் சொன்ன முறைப்படியே பொருத்த வேண்டும். தரைக்கு அடியில் விரிந்த தடித்த பட்டைத் தகடு, முடிந்த இடத்திலெல்லாம் அதைக் குறுக்குச் சட்டத்தோடு இணைப்பது, பெல்ட்டுக்கு என்றே வரும் 7/16 அங்குல உயர்தர போல்ட், இவையெல்லாம் அதில் இருக்கும். பழைய பெஞ்சைக் கொண்டுவந்து நம் மனதுக்குப் பட்டபடி கால் அடித்து நிறுத்துவதை மட்டும் மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் பார்த்தபடி உட்காரும் பெஞ்சும் வேண்டாம், அந்த நிலையில் பெல்ட் போட்டாலும் மோதலில் உடம்பை அது ஒழுங்காகப் பிடிக்காது.

ஜன்னலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்பக்கம் விலா எலும்பு போல ஓடும் சட்டங்களை வெட்டாமல் அவற்றுக்கு நடுவே வெட்டுங்கள், வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பிரைமர் அடியுங்கள், தரமுத்திரை உள்ள டஃபன்டு கண்ணாடி மட்டும் போடுங்கள். பிரைமர் அடிக்காமல் விட்டால் ரப்பர் பீடிங்குக்குள் துரு தொடங்கிவிடும், வெளியே தெரியும்போது தகடு உளுத்திருக்கும்.

சாலைவாசி:

அண்ணா, இவ்வளவு விசை வரும் என்று நினைத்தே பார்க்கவில்லை. நாளைக்கே விரிப்பைக் கழற்றிப் பார்க்கிறேன். எடையைப் பற்றியும் கேட்க வேண்டும். இது சுமை ஏற்றும் வண்டி, நான்கு பேர் எடை இதற்கு ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

தகடும்தீயும்:

தம்பி, மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பு 2,000 கிலோ, காலி எடை 1,400 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600. ஓட்டுநரோடு ஐந்து பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 375 போய்விட்டது, மிச்சம் 225. அதில் சீட்டுகள், அடித் தகடுகள், புதிய தரை, கண்ணாடிகள், பின் ஏசி, உள் அலங்காரப் பலகைகள் எல்லாம் சேர்ந்து 150 கிலோவை எளிதாகத் தின்றுவிடும். பெட்டிகளுக்கு 75 கிலோதான். விமான நிலையத்துக்குப் போகும் குடும்பம் ஒன்று ஏறினால் அதுவும் தீர்ந்தது.

வேலை முடிந்ததும் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருக்கும் வண்டிகள் நிறைய. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீட்டு எண் இருக்கும், 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். அதையும் பின் அச்சு எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் பலர் செய்வது, சவாரி மென்மையாக இருக்கட்டும் என்று பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் அடுக்கில் ஒரு இலையை உருவிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். பல சரக்கு வேன்களில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்து எவ்வளவு சுமை இருக்கிறது என்று அறிந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வண்டியின் உயரம் மாறினால் அந்த வால்வு ஏமாந்துபோகும், தேவையில்லாத நேரத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பயணிகள் மாடலுக்கு உரிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் செட்டாகப் போட்டு, வால்வையும் கம்பெனி அளவுப்படி சரிசெய்வதுதான் முறை.

நீலக்குடை:

அண்ணா, சக்கர நாற்காலி என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பதில் போடுகிறேன். என் தம்பி மின்சாரச் சக்கர நாற்காலியில்தான் எங்கும் போகிறான், அவனோடு பலவிதமான வண்டிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். உங்களைப் போல யோசிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். ஆனால் இதை அரைகுறையாகச் செய்தால் உள்ளே இருப்பவருக்குத்தான் ஆபத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சாய்தளம். பின் கதவருகே வேனின் தரை நிலத்திலிருந்து 550 மிமீ உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கட்டடங்களில் சாய்தளத்துக்குச் சொல்வது 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அந்தச் சரிவு வேண்டுமென்றால் 6.6 மீட்டர் நீளம் தேவை, எந்த வண்டியிலும் நடக்காத காரியம். அதைவிட இரண்டு மடங்கு செங்குத்தான 1:6 வைத்தாலும் 3.3 மீட்டர். இரண்டு மீட்டர் பலகையை வைத்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு, அந்தச் சரிவில் கனமான நாற்காலியைத் தள்ளுவது கஷ்டம், மின்சார நாற்காலி பின்னால் சாய்ந்து கவிழும் பயமும் இருக்கிறது. அதனால்தான் சக்கர நாற்காலிக்கென்று செய்யும் வண்டிகளில் பின் தரையையே வெட்டித் தாழ்த்துகிறார்கள். அதற்குப் பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், சில வண்டிகளில் பின் அச்சுகூட இடம் மாற வேண்டும். அதற்கென்றே சோதனை செய்து சான்று வைத்திருக்கும் நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை அது, பொதுப் பட்டறையில் கொடுக்கவே கூடாது.

அடுத்தது கட்டுவது. நாற்காலி முன்னோக்கியோ பின்னோக்கியோ நிற்கலாம், பக்கவாட்டில் மட்டும் நிற்கக் கூடாது. நாற்காலியை நான்கு பட்டைகளால் அதன் சட்டத்தில் பிடித்துக் கட்ட வேண்டும், சக்கரத்திலோ கைப்பிடியிலோ கால்பலகையிலோ மாட்டக் கூடாது. பின்பக்கப் பட்டைகள் தரையோடு 30 முதல் 45 பாகை கோணத்தில் இருப்பது நல்லது. இது நாற்காலிக்கு மட்டும். உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக ஒரு மூன்று முனை பெல்ட் வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியிலேயே இருக்கும் இடுப்புப் பட்டை நிமிர்ந்து உட்காருவதற்காக வைத்தது, மோதலில் அது எதையும் தாங்காது. இந்தக் கட்டும் பட்டைகளுக்கு ஐஎஸ்ஓ 10542 என்ற தரம் உண்டு, மணிக்கு 48 கிமீ வேக மோதலுக்கு நிகரான சோதனையில் 85 கிலோ மாதிரி நாற்காலியையும் மனித பொம்மையையும் வைத்துப் பார்க்கிறார்கள். மின்சார நாற்காலி அதைவிடக் கனமாக இருப்பது சாதாரணம், சில 150 கிலோவையும் தாண்டும். பட்டை வாங்கும்போது எவ்வளவு எடைக்குச் சோதித்தது என்று கேட்டு வாங்குங்கள். மேலே தகடும்தீயும் அண்ணா போட்ட எடைக் கணக்கில் இதையும் சேர்த்தால் ஒரு நாற்காலிப் பயணி வரும்போது இரண்டு சீட்டைக் காலியாக விட வேண்டியிருக்கும்.

தலைக்கு மேல் இடமும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை, காரில் உட்கார்ந்தவரின் தலையைவிட உயரத்தில் இருக்கும். கூரையில் தலை இடிக்கும் என்று கழுத்தை மடக்கிக்கொண்டு போவது எவ்வளவு வேதனை என்பதை என் தம்பியிடம் கேட்க வேண்டும்.

என் கருத்து, இந்த வேனில் நாற்காலியோடு ஏற்றும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நாற்காலியிலிருந்து சீட்டுக்கு மாறி உட்காரக்கூடியவர்கள், தடி ஊன்றி நடப்பவர்கள், முட்டி மடக்க முடியாதவர்கள், இவர்களுக்கான வண்டியாக இதை நன்றாகச் செய்யலாம். பக்கக் கதவருகே தரை 400 மிமீ உயரம் என்றால் 200-ல் அகலமான, வழுக்காத ஒரு படி. ஏறும்போது பிடிக்கத் தூணில் ஒரு கைப்பிடி, உள்ளே எழுந்து நிற்கும்போது பிடிக்க இன்னொன்று, இரண்டும் பளிச்சென்ற மஞ்சளில். பார்வை மங்கியவர்களுக்கு அந்த மஞ்சள் பெரிய உதவி. கைப்பிடியை அலங்காரப் பலகையில் திருகாமல் உள்ளே இருக்கும் இரும்பில் பிடிக்க வையுங்கள், ஒரு ஆள் முழு எடையையும் அதில் போட்டுத் தொங்குவார். கதவை ஒட்டிய சீட்டின் உயரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எழுவது எளிது. மடக்கிய நாற்காலியை வைக்கக் கட்டுப்பட்டையோடு ஓர் இடம். இவ்வளவு இருந்தாலே பலர் உங்களைத் தேடி வருவார்கள்.

மின்சுற்று:

வயரிங் பக்கம் யாரும் தொடாததால் சுருக்கமாக. வேன் மின்சார வண்டி என்றால் தரையில் ஒரு துளைகூடப் போடாதீர்கள், பேட்டரி அங்கேதான் இருக்கும், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொட வேண்டாம். எந்த வண்டியானாலும் பற்றவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், டேங்க்குக்குப் பக்கத்தில் பற்றவைப்பதென்றால் டேங்க்கை இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மீட்டர், உள் விளக்கு, பின் ஏசி புளோயர், செல்போன் சார்ஜர், கூரை விளக்குப் பலகை எல்லாவற்றுக்கும் பேட்டரியிலிருந்து ஒரே தடித்த வயர் எடுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு பியூஸ் போட்டு, பின்னால் தனி பியூஸ் பெட்டியில் கிளை பிரியுங்கள். தொடக்கத்தில் பியூஸ் இல்லாமல் தரைக்கு அடியில் ஓடும் வயர் என்றாவது தகட்டில் உரசித் தீப்பிடிக்கும். வயர் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். இருக்கும் வயரைக் கீறி அதில் ஒட்டுப்போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், இன்றைய வண்டிகளில் அது வேறெங்கோ பிழை காட்டும். மஞ்சள் கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது, அதைத் தொடாதீர்கள். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும்படி உறை போடாதீர்கள், கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் இருந்தால் அதன் பாதையில் கைப்பிடியோ பலகையோ கூடாது.

இருவர் கேபினுக்காகச் செய்த ஏசி முழு வேனையும் குளிர்விக்காது. முன் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு இருந்தால் அதை எடுத்ததும் இந்த வித்தியாசம் தெரியும். பின்னால் குளிர்விக்கத் தனி காயில், கூரை வழியாகக் காற்றுப் பாதை, ஏற்கெனவே இருக்கும் கம்ப்ரசர் தாங்குமா என்று ஏசி மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இரவுச்சவாரி:

நான் ஓட்டுநர். மேலே சொன்னவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், நான் உள்ளே உட்கார்ந்திருப்பவர் பக்கமிருந்து சொல்கிறேன். சரக்கு வேனின் இழுப்புக் கதவுக்கும் பின் கதவுக்கும் பல மாடல்களில் உள்ளே கைப்பிடியே கிடையாது. பெட்டிக்குக் கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லையே. ஆள் உட்காரும் வண்டியில் உள்ளிருந்து திறக்க முடியாத கதவு இருக்கவே கூடாது, சாலையில் கவிழ்ந்தால் அவ்வளவுதான். பயணிகள் மாடலின் பூட்டையும் கைப்பிடியையும் போடுங்கள். ஒரே ஒரு பக்கக் கதவுதான் என்றால் பின் கதவு அவசர வழியாகிறது, அதற்குப் போகும் பாதையைப் பெட்டிகளால் அடைக்காதீர்கள்.

பெட்டிகளை வலையோ தடுப்போ இல்லாமல் சீட்டுக்குப் பின்னால் அடுக்க வேண்டாம். இருபது கிலோ பெட்டி பெரிய மோதலில் முன்னால் இருப்பவரின் முதுகில் பல நூறு கிலோ விசையோடு வந்து விழும்.

சத்தம்தான் அடுத்த எதிரி. வெறும் தகட்டு வேன் பறை போல அதிரும், பின்னால் இருப்பவர் பேசுவது முன்னால் கேட்காது. பக்கத் தகடுகளின் நடுவில் கால்பங்கு இடத்தில் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட்) ஒட்டினாலே அதிர்வு நன்றாகக் குறையும், முழுவதும் ஒட்டி எடையைக் கூட்ட வேண்டாம். அதன்மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம். துணி, ஃபோம், பலகை எதை வாங்கினாலும் வாகனத்துக்கான தீப்பரவல் சோதனையில் தேறியதா என்று பாருங்கள், நிமிடத்துக்கு 102 மிமீ-க்கு மேல் தீ பரவக் கூடாது என்பது அமெரிக்க விதியின் அளவு. வீட்டு மெத்தை ஃபோம் போட்டுவிடாதீர்கள், அதன் புகையே ஆளைக் கொல்லும்.

புகை என்றதும் இன்னொன்று. தரையில் போட்டு விட்டுப்போன பழைய துளைகளையெல்லாம் அடையுங்கள், சைலன்சர் வாய் உடம்புக்கு வெளியே வந்திருக்க வேண்டும். பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் புகை சுழன்று உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு அலாரம் வாங்கி மாட்டுவது பெரிய செலவில்லை.

ஒரு சரக்கு வேன் நல்ல டாக்சியாக முடியும் என்பதற்கு நியூயார்க்கையே சொல்லலாம். 2011-ல் அந்த நகரம் தன் அடுத்த தலைமுறை டாக்சியாக நிசான் என்வி200-ஐத் தேர்ந்தெடுத்தது. இழுப்புக் கதவு, ஏறப் படி, பிடிக்கக் கைப்பிடி, பின்னால் இருப்பவர்களே கூட்டிக் குறைக்கும் ஏசி, வெளியே பார்க்கக் கண்ணாடிக் கூரைப் பலகை என்று பயணியை வைத்தே யோசித்திருந்தார்கள். பெயிண்ட், நிற விளக்கு, டிவி எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நிறம் மாற்ற ஸ்டிக்கர் ராப்பிங் போதும், நாளைக்கு வண்டியை விற்க நேர்ந்தால் உரித்துவிடலாம்.

சாலைவாசி:

எல்லோருக்கும் நன்றி. விரிப்பைக் கழற்றிப் பார்த்தேன். சக்கர மேட்டுக்கு முன்னால் வரிசையாக நான்கு ரப்பர் மூடிகள் இருக்கின்றன, திறந்தால் உள்ளே மரை தெரிகிறது. தூணில் பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் தகடுதான், துளைகூட இல்லை. நீலக்குடை அக்கா சொன்னபடி சக்கர நாற்காலியை ஏற்றும் யோசனையை விட்டுவிட்டேன், படியும் மஞ்சள் கைப்பிடியும் உறுதி. இப்போது இந்த வேனிலேயே தொடரலாமா, இல்லை இதை விற்றுவிட்டுப் பயணிகள் மாடலையே வாங்குவதா?

தகடும்தீயும்:

தம்பி, தரையில் மரை இருந்தும் தூணில் இல்லை என்றால் இரண்டே வழி. தோள் பெல்ட் சீட்டிலேயே வரும் சான்றிதழ் பெற்ற சீட் போட வேண்டும், அந்த வகையில் முழு விசையும் தரைக்கே வரும், இந்த நான்கு மரைகள் அதற்குப் போதாது, அடித் தகடு கட்டாயம். இல்லையென்றால் பயணிகள் மாடலின் தூண் உள்தகட்டை வாங்கிப் பற்றவைக்க வேண்டும், அது உடம்பையே மாற்றும் வேலை. இரண்டுக்கும் ஆகும் செலவைக் கேட்டு, அதை உங்கள் வேனின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பயணிகள் மாடலின் விலையை நெருங்கினால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், அதில் கதவு, கண்ணாடி, ஸ்பிரிங் எல்லாம் ஏற்கெனவே சரியாக வந்துவிடும், படியும் கைப்பிடியும் மட்டும்தான் உங்கள் வேலை.

எதைச் செய்தாலும் ஒரு துளை போடும் முன் பதிவு அலுவலகத்தில் சரக்கு வகையிலிருந்து பயணிகள் வகைக்கு மாற்ற என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். தெரிவிக்காத மாற்றம் என்று சொல்லி இழப்பீட்டை மறுத்துவிட்டால் காயம்பட்ட பயணிக்கு நீங்கள்தான் பொறுப்பு. தரையை மூடும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் அடித் தகட்டையும் அளவுகோலோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வாளர் வரும்போது விரிப்பைக் கிழிக்காமல் காட்டலாம். அந்த நான்கு மரைகளையும் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், குறுக்குச் சட்டம் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.